பாசறைப் பயிற்சி

வெள்ளிமலை என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ் கற்றோர்க்குக் கயிலைமலை நினைவிற்கு வரும். ஈண்டுக் கூறப்படும் வெள்ளிமலை அதுவன்று. அது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலையில் உள்ளதோர் ஊர். இம்மலை கடல்மட்டத்திற்கு மேல் 2000 அடி முதல் 3000 அடி வரை உயர்ந்து நிற்பது. கோமுகியும் மணிமுத்தாறும் இங்கே தோன்றிக் கீழிறங்கிச் சமவெளியை வளப்படுத்துகின்றன. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை மலைமக்கள் விளைவிக்கும் பயிர்கள். தேனும் கடுக்காயும் காடு அவர்களுக்கு அளிக்கும் செல்வங்கள்.

இப்பொழுது இவ்வூர் 2019-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. 1942-ஆம் ஆண்டில் இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அக்காலத்தில் மலை முழுவதும் ஜாகீர்தாரர் மூவர் கையில் இருந்தது. 1976-ஆம் ஆண்டில்தான் அது அரசின் நேரான ஆட்சிக்கு வந்தது. எனவே, அந்நாளில் மலையில் வாழ்ந்தவர்க்குப் பள்ளியும் மருத்துவமனையும் எட்டாத் தொலைவில் இருந்தன.

இத்தகைய மலைச்சரிவில் வளர்ந்த இளைஞன் ஒருவன் 1942-ஆம் ஆண்டில் படையிற் சேர்ந்தான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு இங்கே பெயர் இல்லை. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றிலிருந்தும் அவனைப் போன்ற பல்லாயிரவர் அந்நாளில் படைக்குச் சென்றனர். 1939-ஆம் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரைக் கொண்டிருந்த இந்தியப் படை, இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில் இருபத்தைந்து இலட்சம் பேரைக் கொண்டதாக வளர்ந்தது. அத்தனை பேரும் தாமாகச் சேர்ந்தவர்களே. ஆயினும், அவர்களுள் பலரை அனுப்பியது போரின்மேல் கொண்ட ஆசையன்று. மழை பொய்த்த நிலமும், அடைபடாத கடனும், வீட்டில் எரியாத அடுப்புமே அவர்களை வழியனுப்பி வைத்தன.

நம் இளைஞன் பெங்களூருக்கு அனுப்பப்பட்டான். மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படையின் பாசறை அங்கே இருந்தது. அப்படை 1780-ஆம் ஆண்டில் சென்னையில் இரண்டு கம்பெனிகளாகத் தோன்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெங்களூரில் நிலைகொண்டது. மற்றப் படைகள் முன்னேறுவதற்கு வழி செய்து கொடுப்பதே அதன் கடமை. ஆறு குறுக்கிட்டால் பாலம் கட்டுவர். காடு மறித்தால் சாலை வெட்டுவர். பகைவர் புதைத்த வெடிகளைத் தேடி எடுப்பர். படையின் முன்னே நடப்பவர் இவர். பகைவரின் குண்டுக்கு முதலில் இலக்காகுபவரும் இவரே. இவ்வீரர்களைத் 'தம்பி' என்று அழைப்பது இராணுவத்தில் நெடுநாளைய வழக்கம்.

பாசறைக்கு வந்தவுடன் அவனுக்கு உடுப்பும் பூட்ஸும் கொடுத்தனர். பாறையிலும் முள்ளிலும் வெறுங்காலுடன் ஓடிப் பழகியவன் அவன். செருப்பையும் அறியாத அவன் கால்களைப் பூட்ஸ் கடித்துப் புண்ணாக்கிற்று. மலையில் மானைப்போல் நடந்தவன், இங்கே சமதரையில் நடக்கத் தடுமாறினான். கற்றதை மறந்து புதிதாக நடை பயில வேண்டிய குழந்தை ஆனான்.

அணிநடைப் பயிற்சி அதனினும் கடினமாக இருந்தது. ஆணைகள் அவன் அறியாத மொழியில் பிறந்தன. இடக்கால், வலக்கால் என்னும் வேறுபாட்டைக்கூட விரைவில் உணர முடியாமல் புதியவர்கள் திகைப்பர். அத்தகையோர்க்கு ஒரு காலில் ஓலையையும் மறுகாலில் சீலைத்துண்டையும் கட்டி, 'ஓலைக்கால், சீலைக்கால்' என்று சொல்லிப் பழக்கினர் என்று தமிழ்நாட்டில் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. கேட்போர் நகைப்பர். ஆனால், வெயிலில் நின்று, நூறு முறை தவறி, நூற்றோராம் முறை சரியாகக் காலெடுத்து வைத்தவனுக்கே அதன் அருமை தெரியும். நூறு பேரின் காலடி ஒரே ஓசையாகக் கேட்ட நாளில், அவன் நெஞ்சில் அதுவரை அறியாத பெருமிதம் ஒன்று பிறந்தது.

வைகறையில் எக்காளம் முழங்கும். எழுவதும், படுக்கையை மடிப்பதும், உடற்பயிற்சிக்கு ஓடுவதும் குறித்த நேரத்தில் நிகழ்தல் வேண்டும். பின்னர்த் துப்பாக்கிப் பயிற்சி. அதன்பின் மண்வெட்டி, கோடரி, கயிறு ஆகியவற்றைக் கொண்டு செய்யும் வேலைகள். இங்கேதான் மலையில் கற்ற கல்வி அவனுக்குத் துணை செய்தது. கொடிகளால் மூங்கிலைப் பிணித்துப் பரண் கட்டியவனுக்குக் கயிற்று முடிச்சுகள் எளிதில் வந்தன. மற்றவர்கள் அவனிடம் கேட்டுக் கற்றனர். நடை தெரியாதவன் என்று நேற்று எள்ளப்பட்டவன், இன்று ஆசிரியன் ஆனான்.

அல்சூர் ஏரியில் தெப்பம் விடவும் படகு செலுத்தவும் சாப்பர்கள் பழகுவர். இரும்புச் சட்டங்களை ஆணியிட்டு இணைத்துச் சில மணி நேரத்தில் எழுப்பக்கூடிய பெய்லி பாலம் அப்போரில்தான் பயனுக்கு வந்தது. முள்வேலியை உடைத்து வழி செய்யும் கருவி ஒன்றும் உண்டு. வெடிமருந்து நிறைந்த குழாய்களை ஒன்றோடு ஒன்று பொருத்தி, வேலியின் அடியில் நெடுந்தூரம் தள்ளி வெடிக்கச் செய்வர். 1912-ஆம் ஆண்டில் இப்படையின் அதிகாரி ஒருவர் இப்பாசறையிலேயே அதனை அமைத்தார். ஆதலின், அது உலகெங்கும் 'பெங்களூர் டார்ப்பிடோ' என்றே வழங்குகிறது.

எல்லாவற்றிலும் அருமையான பாடம் கண்ணிவெடி தேடும் பாடமாகும். கருவியால் தேடுவது ஒரு முறை. கருவி பயன்படாத இடத்தில், தரையில் படுத்துத் துப்பாக்கிச் சனியனின் முனையால் மண்ணைத் துருவுதல் மற்றொரு முறை. முனையை நேராகக் குத்தினால் வெடியின் தலையிற் பட்டு உயிர் போகும். சாய்வாகச் செலுத்தினால் அதன் பக்கத்தைத் தொட்டு நிற்கும். விரல் பதறலாகாது, விரைதலும் ஆகாது. வெடி நீக்கிய வழியின் இருபுறமும் வெள்ளை நாடா விரிப்பர். பின்னே வருபவர் அந்நாடாவை நம்பியே காலடி வைப்பர். நாடா விரித்தவன் ஓரிடத்தைச் சோம்பலால் விட்டிருந்தால், இறப்பவன் பின்னே வரும் தோழன். பாசறையில் இப்பாடத்தைப் போலி வெடிகளைக் கொண்டு கற்பித்தனர். தவறு செய்தவன் உயிரோடு எழுந்து நின்றான். அதே செயலை மீண்டும் செய்தான். கை தானாகவே சரியாக இயங்கும் வரை செய்தான்.

உணவு வேளையில் அவன் வேறொரு புதுமையைக் கண்டான். தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் கிறித்தவரும் முஸ்லிம்களும், ஊரில் ஒரே தெருவில் நடவாத சாதியினரும், ஒரே கம்பெனியில் ஒருங்கே இருந்தனர். ஒரே அடுப்பில் ஆக்கிய சோற்றை ஒருங்கே உண்டனர். ஊரில் இருந்தவரை இன்னாரோடு இன்னார் உண்ணலாகாது என்பதே அவன் கேட்டறிந்த நெறி. ஒரே தெப்பத்தின் கயிற்றை இழுப்பவர்கள் தனித்தனியே உண்பது எங்ஙனம் என்பதை அவன் இங்கே எண்ணிப் பார்த்தான். 'தம்பி' என்னும் பெயர் அவனுக்கு அப்போது பொருளுடையதாயிற்று.

இரவு வந்தால் வீட்டு நினைவும் வரும். தாய் தனியே விறகு சுமப்பாளோ, தினைப்புனத்தில் காட்டுப்பன்றி புகுந்திருக்குமோ என்று மனம் அலையும். அருகிற் படுத்தவனும் உறங்காமல் இருப்பதை அவன் மூச்சு காட்டிவிடும். இருவரும் ஒன்றும் பேசார். எழுத்தறியாத வீரர்க்குப் பாசறையில் எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். சில மாதங்களில் அவன் தன் கையாலேயே வீட்டிற்குக் கடிதம் எழுதினான். தாய்க்குப் படிக்கத் தெரியாது. யாரேனும் படித்துச் சொல்லும்வரை அவள் அதனை முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள் என்பதை அவன் அறிவான்.

பயிற்சி முடிந்தது. கடல் கடப்பதற்கு முன்னர்ச் சில நாள் விடுப்புக் கிடைத்தது. நோய்த் தடுப்பு ஊசிகள் போடப்பட்டன. சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டிற்குச் செல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. கழுத்தில் கட்டிக்கொள்ளும் சிறு அடையாள வில்லையும் தரப்பட்டது. அது எதற்கு என்று யாரும் விளக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவன் மலையேறி வீட்டை அடைந்தான். "எந்த ஊருக்குப் போகிறாய் அப்பா?" என்று தாய் கேட்டாள். கப்பல் செல்லுமிடம் வீரர்க்கும் அறிவிக்கப்படுவதில்லை. "தெரியாது அம்மா" என்று அவன் கூறியது உண்மையே. ஆனால், தன்னிடம் மறைக்கிறான் என்றே அவள் எண்ணினாள். பழகிய படையாள் போல் நிமிர்ந்து நின்றவன், அவளைப் பாராமல் பூட்ஸின் கயிற்றைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தான். பாசறையில் கற்பிக்கப்படாத பாடம் அஃது ஒன்றே.

சாப்பர்கள் புகைவண்டியில் பம்பாய் சென்று கப்பலேறி எகிப்து முதலிய நாடுகளுக்குப் போயினர். வட ஆப்பிரிக்காவின் மணலிலும், பர்மாவின் காட்டிலும், இத்தாலியின் பனிச்சேற்றிலும் அவர்கள் பாலமும் பாதையும் அமைத்தனர். பாசறையிற் கற்றது அங்கே எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும்.

1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள். இத்தாலியில் கசினோ மலைக்கு அணித்தாகிய மிஞ்ஞானோ என்னும் இடம். செங்கற்பட்டுச் சீமையிற் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் என்பவர் கண்ணிவெடி நிறைந்த நிலத்தில் தம் வீரருடன் பணியில் இருந்தார். அவர் மதராஸ் சாப்பர்களைச் சேர்ந்தவர். வீரருள் ஒருவர் காலடியில் வெடி ஒன்று அகப்பட்டது. அது மிதித்தவுடன் வெடிப்பதன்று. சில நொடிகள் கழிந்தபின் மேலே எழும்பி வெடித்து, இரும்புக் குண்டுகளை நாற்புறமும் சிதறுவது. அந்தச் சில நொடிகளில் ஓடித் தரையில் வீழ்ந்தால் தம் உயிரைக் காத்துக்கொள்ளலாம் என்பதை அவ்வெடியின் இயல்பறிந்த சுபேதார் அறியாதவர் அல்லர். அவர் ஓடவில்லை. வெடியின்மேல் தாமே பாய்ந்து கவிந்தார். உடனிருந்தவர் பிழைத்தனர், அவர் உயிர் நீத்தார். அவருக்கு அளிக்கப்பெற்ற ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த விருதை அவருடைய மனைவியார் பெற்றுக்கொண்டார்.

இச்செயலைப் பிறவி வீரம் என்று சொல்லி அமைதல் எளிது. ஆனால், நான்கைந்து நொடிகளில் ஒருவன் ஆராய்ந்து முடிவு செய்ய இயலாது. நெடுநாள் பழகிய மனமே அவ்வளவு விரைவாகச் செயற்படும். தோழன் உயிர் தன் கையில் உள்ளது என்பதைப் பாசறையில் நாள்தோறும் நினைத்து, வெள்ளை நாடாவை அணு அளவும் பிசகாமல் விரித்தவர் அவர். அப்பழக்கமே அந்நொடியில் அவரை முன்னே தள்ளிற்று. காலைதோறும் மடித்த படுக்கையும், நூறு முறை இட்ட முடிச்சும், ஒருங்கே உண்ட சோறும் அச்செயலுக்கு வித்துகள். செயலுக்கு ஆன நேரம் சில நொடிகள். அதற்குப் பயின்ற காலமோ ஆண்டுகள்.

அப்போர் ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்கள் பொருட்டு நடந்த போர் என்பதும் மறக்கத் தக்கதன்று. அதே 1942-ஆம் ஆண்டில் 'வெள்ளையனே வெளியேறு' என்னும் முழக்கம் நாடெங்கும் எழுந்தது. அடுத்த ஆண்டில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் மக்கள் நேதாஜியின் படையிற் சேர்ந்து, வேறொரு பாசறையில் பயிற்சி பெற்றனர். இருதிறத்திலும் இருந்தவர் தமிழ்த் தாய்மாரின் மைந்தரே. 1947-ஆம் ஆண்டிற்குப் பின் இந்திய வீரர் பிறர் ஆட்சியின் பொருட்டுக் கடல் கடக்கவில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப் படையில், காங்கோ முதலிய நாடுகளுக்கு இதுவரை இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சென்றுள்ளனர். கொல்வதற்கன்றிக் காப்பதற்குச் செல்லும் வீரனுக்கும் பயிற்சி வேண்டும். பொறுமையோ மிகுதியாக வேண்டும்.

பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரும் பெருமையும் பொறித்தனர். கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் பகுதியில் அத்தகைய நடுகற்கள் பல உள்ளன. முதல் உலகப்போருக்குப் பின்னர்த் தமிழகத்து ஊர்கள் பலவற்றில் வேறு வகையான கல் பதிக்கப்பட்டது. இவ்வூரிலிருந்து போருக்குச் சென்றவர் இத்தனை பேர், அவருள் உயிர் நீத்தவர் இத்தனை பேர் என்று மட்டும் அக்கல் கூறும், பெயர் கூறாது. இரண்டாம் உலகப்போரில் மாண்ட இந்திய வீரர் ஏறத்தாழ 87,000 பேர் என்பர். அதுவும் ஓர் எண்ணே.

எண்ணைப் படிப்பவர் ஒரு நொடி நிற்றல் வேண்டும். அவ்வெண்ணில் அடங்கிய ஒவ்வொருவனும் பூட்ஸ் கடித்த காலோடு நடை பயின்றவன். ஏரியில் தெப்பம் தள்ளியவன். எழுத்துக் கூட்டித் தாய்க்குக் கடிதம் வரைந்தவன். அவ்வாறு எண்ணிப் பார்ப்பதே பெயர் எழுதப்படாத வீரர்க்கு நாம் நடும் கல்லாகும்.