பழஞ்சேலையும் புதுப்பாயும்

பயன் முடிந்துவிட்டது என்று நாம் ஒதுக்கும் பொருள்களுட் பல, உண்மையில் ஒரு பயனை மட்டுமே முடித்தவை. ஊறுகாய்ப் போத்தல் வெறுமையானதும் அதன் கண்ணாடி கெட்டுப்போவதில்லை. சேலையின் தலைப்புக் கிழிந்ததும் அதன் நூல் முழுவதும் இற்றுவிடுவதில்லை. இவ்வாறு எஞ்சியவற்றைக் கொண்டு இல்லத்தை அழகுசெய்யும் கைவினையை இக்கட்டுரையில் கற்போம்.

முன்னோர் காட்டிய வழி

மாணவச் செல்வங்களே! இது நமக்குப் புதிய கலை அன்று. நம் முன்னோர் சிரட்டையில் அகப்பை செய்தனர். பழஞ்சேலையில் குழந்தைக்கு ஏணை கட்டினர். ஊறிய கடதாசியையும் வெந்தயத்தையும் சேர்த்தரைத்து, அக்கூழால் சுளகின் இடைவெளிகளை மெழுகினர். வங்காளப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்த ‘காந்தா’ இன்று உலகறிந்த கலையாகும். சண்டிகார் நகரில் நெக் சந்த் என்பவர் உடைந்த வளையல்களாலும் பீங்கான் துண்டுகளாலும் ஆக்கிய சிற்பப் பூங்கா 1976 இல் மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது.

நாம் வாழும் பிரித்தானியாவிலும் இவ்வழக்கம் உண்டு. இரண்டாம் உலகப்போரின் காரணமாக, 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை உடைகள் பங்கீட்டு முறையிலேயே கிடைத்தன. பழைய உடைகளைத் திருத்தி அணியும் முறைகளை விளக்கி, 1943 இல் அரசே ஒரு கைந்நூலை வெளியிட்டது. ஆதலால், பழைய பொருளைப் பயன்படுத்துவதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

பொருள் தேடல்

முதலில் வீட்டிலே தேடுக. அங்கு இல்லாததை அறக்கொடைக் கடைகளில் தேடலாம். குறைந்த விலையில் துணியும் பீங்கானும் படச்சட்டமும் அங்கே கிடைக்கும். நாம் கொடுக்கும் பணமும் நற்பணிக்குச் செல்லும். பழைய பொருளை அழகுசெய்வதற்கென்று புதிய அலங்காரப் பொருள்களை வாங்கிக் குவிப்பது இக்கலையின் நோக்கத்திற்கே மாறானது.

சேலைத் துணியிற் பின்னல் பாய்

தேவையானவை: பழைய பருத்திச் சேலை ஒன்று, கத்தரிக்கோல், தடித்த ஊசி, உறுதியான நூல்.

1. சேலையைத் தோய்த்து உலர்த்துக. அகலப் பக்கத்தில் 5 செ.மீ. இடைவெளிகளில் சிறிதளவு கத்தரித்து, அங்கிருந்து நீளவாட்டிற் கிழிக்குக. பருத்தி நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும். தடித்த கரைகளைக் கத்தரிக்கோலால் வெட்டுக.

2. மூன்று பட்டைகளின் நுனிகளைச் சேர்த்துத் தைத்து, கூந்தல் பின்னுவதுபோற் பின்னுக. பட்டைகள் நீளமானவையாதலால் தனித்தனியே உருண்டைகளாகச் சுற்றிக்கொள்க. ஒருவர் நுனியைப் பிடிக்க, மற்றவர் பின்னுதல் எளிது. பேத்தியும் பாட்டியும் சேர்ந்து செய்வதற்கேற்ற வேலை இது.

3. பின்னல்களை ஒன்றோடொன்று தைத்து நீட்டி, நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் முந்திய சுற்றோடு தைக்குக. மேசைமேல் தட்டையாக வைத்தே தைத்தல் வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் பாய் கிண்ணம்போற் குவிந்துவிடும். அவ்வாறு குவிந்தாலும் வருந்தற்க. சற்று உயர்த்தித் தைத்தால் அதுவே பூக்கூடையாகும்.

இதிற் கணிதமும் உண்டு. சேலை 5.5 மீற்றர் நீளமும் 1.1 மீற்றர் அகலமும் உடையதாயின், 22 பட்டைகள் கிடைக்கும். மும்மூன்றாகப் பின்னினால் 7 பின்னல்கள் வரும். எஞ்சும் ஒரு பட்டை முனைகளைக் கட்ட உதவும். பின்னும்போது நீளம் ஏறக்குறைய காற்பங்கு குறையும். ஆகவே ஒவ்வொன்றும் சுமார் 4 மீற்றராக, மொத்தம் 28 மீற்றர் பின்னல் கிடைக்கும். அது 1 செ.மீ. அகலமுடையதாயின், பாயின் குறுக்களவு ஏறத்தாழ 60 செ.மீ. ஆகும். வட்டத்தின் பரப்பளவைக் கொண்டு இதனைச் சரிபார்க்குக. வழுவழுப்பான தரையில் இப்பாய் வழுக்கக்கூடும். சுவரில் தொங்கவிடுவதும், பூச்சாடியின் கீழ் விரிப்பதும் நன்று.

கையோடு மொழி

வாரத்திற் சில மணி நேரமே நடைபெறும் பள்ளியில் சொற்களை எழுதிக் காட்டலாம். ஆனால் கையில் வேலை இருக்கும்போதுதான் அவை நாவில் நிலைக்கும். தமிழில் துணியைக் கத்தரிப்பர், காய்கறியை நறுக்குவர், கதிரை அரிவர், மலரைக் கொய்வர். மணியைக் கோப்பர், பூவைத் தொடுப்பர், கூந்தலைப் பின்னுவர், ஓலைப்பெட்டியை இழைப்பர். இவை அனைத்தையும் ‘வெட்டு’, ‘ஒட்டு’ என்னும் இரு சொற்களில் அடக்கிவிட்டால் நம் பிள்ளைகள் இழப்பது மிகப் பெரிது. பெற்றோர் பின்னும்போது பேசுக, தமிழிலேயே பேசுக.

கத்தரிக்கு முன் ஒரு கேள்வி

எந்தச் சேலையையும் கத்தரிக்குமுன், “இது யாருடையது? எப்போது உடுத்தது?” என்று வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிதல் வேண்டும். ஊரை விட்டுப் புறப்பட்டபோது கொண்டுவந்தவற்றுள் ஒரு சேலை மட்டுமே எஞ்சியிருக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அதனை வெட்டலாகாது. அது எவ்வளவு நைந்திருப்பினும், அதன் வரலாற்றைக் கேட்டு எழுதி அதனோடு வைத்தலே நாம் செய்யத்தக்கது. எதைப் புதுப்பிப்பது, எதை அப்படியே காப்பது என்று பகுத்தறிவதும் இக்கலையின் ஒரு பாடமாகும்.

பயிற்சி

1. வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதன் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

2. கோத்தல், தொடுத்தல், பின்னுதல், இழைத்தல் ஆகிய சொற்களை வாக்கியங்களில் அமைக்குக.

3. பட்டையின் அகலம் 10 செ.மீ. ஆயின் எத்தனை பின்னல்கள் கிடைக்கும்? எத்தனை பட்டைகள் எஞ்சும்?