போனில் ரூ.37,308, கடை கால்குலேட்டரில் ரூ.75,000: உங்க கிராஜுவிட்டி எவ்வளவு?

திருநாவலூர்ல ஒரு மளிகைக் கடை. பிஸ்கட் 40 ரூபாய், அரிசி கிலோ 60 ரூபாய் வீதம் 3 கிலோ. கடைக்காரர் கால்குலேட்டரில் 40 + 60 × 3 தட்டினார். 300 வந்தது. நான் அதையே போன்ல தட்டினேன். 220!

ஏன் இந்த வித்தியாசம்?

சாதாரண கால்குலேட்டர் நீங்க தட்டத் தட்ட கணக்கை முடிச்சுக்கிட்டே போகும். 40 + 60 = 100, அதை 3-ஆல் பெருக்கி 300. போன் முழுக் கணக்கையும் பார்த்து, ஸ்கூல்ல படிச்ச போட்மாஸ் விதிப்படி பெருக்கலை முதலில் செய்யும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கால்குலேட்டரும் ஸ்டாண்டர்ட் மோடில் 300, சயின்டிஃபிக் மோடில் 220 காட்டும்.

அப்போ போன்தான் எப்பவும் சரியா?

இல்லைங்க. கிராஜுவிட்டியைப் பாருங்க. (பேசிக் + டிஏ) × 15 ÷ 26 × வேலை செய்த வருடங்கள். பேசிக் 20,000, டிஏ 6,000, சர்வீஸ் 5 வருஷம்னு வைப்போம்.

- அடைப்புக்குறி போட்டு: (20,000 + 6,000) × 15 ÷ 26 × 5 = ரூ.75,000. இதுதான் சரி.
- அடைப்புக்குறி இல்லாம போனில் தட்டினால்: டிஏ மட்டும் பெருக்கப்பட்டு ரூ.37,308.
- கடை கால்குலேட்டரில் அப்படியே தட்டினால்: ரூ.75,000. இங்கே அதுக்கு அதிர்ஷ்டம்!
- 26 × 5 = 130-ஐ முதலில் பெருக்கி, அதால் வகுத்தால்: வெறும் ரூ.3,000.

கடைசித் தப்பை நிறைய பேர் செய்வாங்க. பெருக்கலும் வகுத்தலும் சம அந்தஸ்து. இடமிருந்து வலமா வரிசையா போகணும்.

2019-ல் 8 ÷ 2(2+2) கணக்கு இணையத்தையே ரெண்டாக்கியது. 16-ன்னு ஒரு கட்சி, 1-ன்னு இன்னொரு கட்சி. அடைப்புக்குறிக்கு முன்னாடி குறி இல்லாத பெருக்கலை எப்போ செய்வதுங்கறதுல கால்குலேட்டர் மாடல்களே ஒத்துப்போறதில்லை. தப்பு எழுதின விதத்துல இருக்கு.

மூணு பழக்கம்

1. சேர்ந்து வரவேண்டியதை அடைப்புக்குறிக்குள் போடுங்க. எக்செல்லிலும் இதே விதிதான்.
2. சாதாரண கால்குலேட்டர்னா பெருக்கலை முதலில் முடிங்க: 60 × 3 + 40. இல்லேன்னா ஒவ்வொன்றையும் எம் பிளஸ் பட்டனில் சேர்த்து, எம்ஆர் அழுத்துங்க.
3. விடை வந்ததும் மனக்கணக்கில் சரிபாருங்க. வருஷத்துக்கு அரை மாசச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். 26,000 சம்பளத்துக்கு 5 வருஷத்தில் 65,000-க்கு மேல வரணும். 37,308 வந்தா எங்கேயோ இடிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

வேலையை விடும்போது ஹெச்ஆர் ஷீட்டில் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, இந்தக் கணக்கை ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்க.