பட்டாசுத் தொழிலாளர் வழக்கில் இடர் உணர்வு: ‘மருந்து’, ‘உராய்வு’ என்னும் சொற்களை முன்வைத்து

முன்னுரை

பணியிடத்து இடரைத் தொழிலாளர் எவ்வாறு உணர்கின்றனர் என்னும் வினா சமூகவியலுக்கும் மேலாண்மையியலுக்கும் உரியதாகவே பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளது. வினாநிரல் வழி விடை பெறும் அவ்வாய்வுகளில், தொழிலாளர் அன்றாடம் புழங்கும் சொற்கள் சான்றாகக் கொள்ளப்படுவது அரிது. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் வெடிப்பு நிகழும்போதெல்லாம் தொழிலாளர்க்கு விழிப்புணர்வு வேண்டும் என்னும் குரல் எழுகின்றது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்திலும் நேர்ந்தவை பேரிழப்புகள். விழிப்புணர்வு வேண்டும் என்பதன் உட்கிடை, தொழிலாளர் இடரை அறியாதவர் என்பதே. அவர்தம் சொல்வழக்கு இதற்கு மாறான செய்தியைத் தருவதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

‘மருந்து’ மங்கலச் சொல்லா?

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துவர். செத்தாரைத் துஞ்சினார் என்றலும் சுடுகாட்டை நன்காடு என்றலும் மங்கலத்திற்குக் காட்டப்பெறும் சான்றுகளாகும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத்தூள் முதலியன கூடிய வெடிகலவை பட்டாசு ஆலைகளில் ‘மருந்து’ எனப்படுகின்றது. அதனைக் கலக்குமிடம் மருந்துக் கலவை அறை. குழாயில் இடுதல் மருந்து செலுத்துதல். வாணவெடிகளின் வண்ணப் பொறிகளுக்காக உருட்டி உலர்த்துவது மணிமருந்து. உயிர் கொல்லும் பொருளுக்கு உயிர் காக்கும் பொருளின் பெயர் அமைந்திருத்தலின், இதனை மங்கலம் எனவும், அச்சத்தை மறைக்கும் சொல் எனவும் கொள்ளத் தோன்றும்.

பேச்சுவழக்கு இக்கருத்திற்கு இடந்தரவில்லை. ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்றால் நோய் தீர்ந்ததாக எவரும் பொருள் கொள்வதில்லை. பயிருக்கு அடிப்பதும் மருந்தே. வசியத்தின் பொருட்டுச் சோற்றில் இடுவதாகச் சொல்லப்படுவதும் மருந்தே. ஆகவே பேச்சுத்தமிழில் மருந்து என்பது நன்மையை மட்டும் சுட்டும் பெயரன்று. சிறிதளவில் பெருவிளைவு தரும் பொருளின் பெயர். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயை மிகுதி, குறைவு என்னும் அளவோடு பொருத்திப் பேசுவதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அளவு பிறழ்ந்தால் கேடு என்னும் குறிப்பு இச்சொல்லிலேயே உள்ளது. எனவே, ஆலை வழக்கிலுள்ள ‘மருந்து’ என்பதை மங்கலம் என்பதைவிடக் குழூஉக்குறியின்பால் சார்த்துதலே பொருந்தும். (குழூஉக்குறி என்றதும் பொன்னைப் ‘பறி’ என்னும் பொற்கொல்லர் வழக்கோடு நின்றுவிடுவது இலக்கணக் கல்வியின் பழக்கம், இன்றைய தொழிற்களங்கள் அதனினும் வளமான சான்றுகளைக் கொண்டுள்ளன.)

சொல்லில் உள்ள இவ்வறிவு செயலிலும் உள்ளது. வெயில் ஏறுமுன் கலவையை முடித்தல், இரும்புக் கருவியை விலக்கி மரமும் பித்தளையும் கொள்ளுதல், பருத்தியாடை உடுத்தல், அறையினுள் புகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்குதல், மிஞ்சிய மருந்தை மறுநாளுக்கு வைக்காமை என்பன பாதுகாப்பு அறிவுரைகளாக எழுதப்பட்டவை மட்டுமல்ல, கைப்பழக்கமாகவும் கடத்தப்படுபவை. ஈரம் பட்ட அலுமினியக் கலவை நெருப்பின்றியே சூடேறும் என்பதை அறிய வேதியியல் படித்திருக்க வேண்டுவதில்லை.

அச்சத்தின் நிலைக்களன்

அறிந்தும் இடருக்கு உட்படுவது ஏன்? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுக்கின்றது. முதல் மூன்றும் புறத்தேயிருந்து வரும் கேடு பற்றியன. நான்காவது, தம்மை ஆளும் தலைமை பற்றியது. இவ்வகைப்பாட்டைப் பட்டாசு ஆலைக்குப் பொருத்திக் காணின், மருந்தின் மீதுள்ள அச்சத்தை அணங்கச்சத்தோடு ஒப்பிடலாம். அது காணாத நேரத்தில் தாக்கும். முறை பிறழாதவரை அடங்கியிருக்கும். போர்மேன், உள்குத்தகைதாரர், எண்ணிக்கைக் கூலிக் கணக்கு ஆகியவை பற்றிய அச்சமோ தம் இறையின்பாற்படும். தீபாவளி நெருங்கும் மாதங்களில் இவ்விரு அச்சங்களும் மோதுகின்றன. மருந்து ‘மெல்ல’ என்கிறது. எண்ணிக்கைக் கூலி ‘விரைக’ என்கிறது. மருந்து என்றோ வெடிக்கலாம். கூலி இன்றே குறையும். இந்நிலையில் ‘எல்லாம் விதி’ எனத் தொழிலாளர் கூறுவதை ஊழ்நம்பிக்கை என எளிதில் வகைப்படுத்துதல் பொருந்தாது. மேற்கொண்டு பேசினால் வேலைக்குக் கேடு வரும் என்னுமிடத்தில் பேச்சை முடித்துக்கொள்ளவும் அத்தொடர் பயன்படுகின்றது.

வினைமுதல் இல்லாத் தொடர்

‘மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு வெடிவிபத்து நிகழ்ந்தது’ என்பது நாளிதழ்ச் செய்திகளில் வாய்பாடாகவே நிலைத்துவிட்டது. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தொழில் முதல்நிலைகளாக வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இதுபயனாக என்னும் எட்டினைக் கூறுவர். மேற்கண்ட வாய்பாட்டோடு ஊர்ப்பெயரும் நேரமும் சேர்ந்த முழுச் செய்தியில் வினையும் நிலமும் காலமும் உள. உராய்வு கருவி போல் நிற்கின்றது. செய்வது இல்லை. இன்னதற்கு, இதுபயனாக என்பனவும் இல்லை. ஓர் அறையில் இருக்கத்தக்க எண்ணிக்கைக்கு மேல் ஆளை அமர்த்தியவர் யார், எவர்க்காக அவ்விரைவு, அதன் பயன் எவரைச் சேர்ந்தது என்னும் வினாக்களுக்குரிய இடங்களே விடுபட்டுள்ளன. அவ்வெற்றிடத்தில் பின்னர் ‘கவனக்குறைவு’ என்னும் சொல் வந்து அமரும்போது, அது இறந்த தொழிலாளியின் பண்பாக எளிதில் மாறிவிடுகின்றது.

தொழிலாளியின் உணர்வைச் சான்றாக ஏற்ற சட்டம் இல்லாமலில்லை. போபால் நச்சுவாயுக் கசிவிற்குப் (1984) பின், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட 41எச் பிரிவு, உடனடி இடர் நேரும் எனத் தக்க காரணத்துடன் ஐயுறும் தொழிலாளி அதனை ஆலைப் பொறுப்பாளர்க்கும், அதேவேளையில் ஆய்வாளர்க்கும் தெரிவிக்கும் உரிமையை வழங்கியது. எச்சரிக்கும் உரிமையே அங்குக் கூறப்பட்டது. அறையை விட்டு வெளியேறும் உரிமை கூறப்படவில்லை. எச்சரிக்கை முதலில் சென்று சேரவேண்டிய இடமும் தொல்காப்பியம் நான்காவதாகக் கூறிய அச்சத்தின் களனாகிய ‘தம் இறை’யே ஆகும்.