காலியான ஊசிக்குழலில் எஞ்சுவது என்ன?

மாணவர்களே, நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய சக்கரத்தில் வாளிகள் பூட்டிய எந்திரம் மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் வாளி கவிழ்ந்த பிறகும் அதில் சிறிது களிமண் ஒட்டியிருக்கும். கவிழ்ந்த வாளி எல்லாம் காலியான வாளி அன்று! ஊசிக்குழலுக்கும் இது பொருந்தும்.

நோயும் பரவலும்

ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் 1989இல் கண்டறியப்பட்டது. இரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் இது, பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமலே இருந்து, கல்லீரல் சுருக்கத்தையோ புற்றுநோயையோ உண்டாக்கலாம். போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்வோர் ஒரே ஊசியைப் பலராகப் பயன்படுத்தும்போது இது எளிதில் தொற்றுகிறது. நெய்வேலிக்கு வடக்கே, சென்னையில், ஒய்.ஆர். கெய்டோண்டே மையத்தார் 2005–06இல் இத்தகையோர் ஆயிரத்துக்கு மேற்பட்டவரைச் சோதித்தனர். பாதிக்கு மேற்பட்டோரிடம் இந்நோய் தொற்றியதன் அடையாளம் இருந்தது.

ஒரு கணக்கு

குழலின் தண்டை முழுவதும் அழுத்தினாலும், தண்டு எட்டாத இடம் ஒன்று உண்டு. ஊசியைக் கழற்றி மாட்டும் குழலில் இது சுமார் 0.08 மில்லிலிட்டர். ஊசி குழலோடு பொருந்திய இன்சுலின் குழலில் சுமார் 0.002 மில்லிலிட்டரே.

ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 10 லட்சம் வைரஸ்கள் இருப்பதாகவும், அந்த இடம் முழுவதும் இரத்தமே நிற்பதாகவும் கொள்வோம். முதற்குழலில் 80,000 வைரஸ்கள் எஞ்சும், இரண்டாவதில் 2,000. இனி 1 மில்லிலிட்டர் நீரை உறிஞ்சி, கலக்கி, வெளியேற்றுவோம். முதற்குழலில் 0.08/1.08 பங்கு, அதாவது சுமார் 6,000 எஞ்சும். இரண்டாவதில் எஞ்சுவது 4! 40 மடங்காக இருந்த வேறுபாடு இப்போது சுமார் 1,500 மடங்கு.

முதற்குழலை மேலும் இருமுறை கழுவினால் எத்தனை எஞ்சும்? கணக்கிட்டுப் பாருங்கள். (விடை: சுமார் 30.) ஆகவே நீரால் கழுவிய ஊசி தூய ஊசி ஆகாது. இவ்வைரஸ் ஊசிக்குழலுக்குள் 63 நாள்வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும் என 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒவ்வொரு முறையும் புதிய ஊசி என்பதே விதி. திருவிழாவில் பச்சை குத்தும் ஊசிக்கும், முடிதிருத்தும் பிளேடுக்கும் இவ்விதியே.

தடுப்பும் மருந்தும்

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. எனவேதான் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ்ப் புதிய ஊசிகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஊசியை விட்டொழிக்க, நாக்கின்கீழ் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரையும் தரப்படுகிறது.

மருந்தோ உண்டு! சொபாஸ்புவிர், டக்லட்டாஸ்விர் மாத்திரைகளைப் பொதுவாக 12 வாரம் உண்டால், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றிலும் குணமாகின்றனர். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். ஆனால் குணமானவருக்கும் மீண்டும் தொற்றலாம்.

"போதைப் பழக்கமுள்ளவர் ஒழுங்காக மருந்து உண்ணமாட்டார்" என்று சொல்வோர் உண்டு. சென்னையில் அத்தகைய 50 பேருக்குச் சொபாஸ்புவிர் அடங்கிய சிகிச்சையைக் கண்காணித்து அளித்த ஆய்வில் பெரும்பாலோர் குணமடைந்தனர். உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம். தொட்டாலோ, உடன் உண்டாலோ இது பரவாது. அவரை ஒதுக்கினால் அவர் நோயை மறைப்பார். மறைத்த நோய் பரவும். அரசு மருத்துவமனைக்கு அவருடன் சென்று வாருங்கள்.