உயிரித் தொழில்நுட்பம்: மேற்படிப்பும் தொழிலும்

உயிர்களையோ அவற்றின் கூறுகளையோ கருவியாகக் கொண்டு மக்கட்குப் பயன்படும் பொருள்களை ஆக்குவது உயிரித் தொழில்நுட்பம் எனப்படும். மாவைப் புளிக்கவைத்தலும் பாலுக்கு உறையூற்றுதலும் இத்தொழிலின் பழைய வடிவங்களே. ஆயின், ஓருயிரின் மரபணுவை மற்றோருயிரினுள் புகுத்தி வேலைவாங்கும் வன்மை, 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களாகிய கோயன், பாயர் என்பாரது ஆராய்ச்சியாற் கைகூடிற்று. அதன் பயனாக 1978-இல் மனித இன்சுலின் பாக்டீரியாவினால் ஆக்கப்பெற்றது. 1982-இல் மருந்தாக ஒப்புதலும் எய்திற்று. அதுகாறும் நீரிழிவு நோயாளர், பன்றி மாடு இவற்றின் கணையத்தினின்று எடுத்த இன்சுலினையே நம்பி வாழ்ந்தனர்.

தமிழ் பயிலும் நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டது ஏனெனின், அறிவியற் பட்டம் பெறும் நண்பர் பலர், பாடத்தின் பெயரழகொன்றே கருதி, பெற்றோர் கடன்பட்டுத் தரும் பணத்தைக் கொண்டு இதன் மேற்படிப்பிற் புகக் காண்கின்றோம். பெயரை விடுத்து, பின்னர் நாள்தோறும் செய்யவிருக்கும் வேலையை முதற்கண் ஆராய்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

அவ்வேலை பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது ஆராய்ச்சி. இதற்கு எம்.எஸ்ஸி.க்குப் பின் பி.எச்டி. பட்டமும் வேண்டும், அது முடிய ஐந்தாண்டும் செல்லலாம். நெட் தேர்விலோ, நடுவணரசின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்குரிய பெட் தேர்விலோ உதவித்தொகைக்குத் தேறியவர்க்கு, 2023-ஆம் ஆண்டில் உயர்த்தப்பெற்ற அளவின்படி, முதலீராண்டு திங்கள்தோறும் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் உண்டு. பலகாற் பயனற்றுப்போன சோதனையை மீண்டும் தொடங்கும் பொறுமை உடையார்க்கே இவ்வழி உரியது.

இரண்டாவது உற்பத்தி. நுண்ணுயிர்கள் வளரும் பெருங்கலங்களில் வெப்பம், அமிலத்தன்மை, உயிர்வளி ஆகியவற்றின் அளவு பிறழாது இரவும் பகலும் காத்தல் இதன் பணி. பொறியியலறிவு வேண்டப்படுதலின் எம்.டெக். இதற்கு ஏற்றது. மூன்றாவது தரக்கட்டுப்பாடு. மருந்தில் வேற்று நுண்ணுயிர் கலந்துளதா எனச் சோதித்து, சோதித்ததை வழுவாது பதிவுசெய்வோர்க்கு எம்.எஸ்ஸி. போதும். கணிதத்தில் நாட்டமுடையார், மரபணுச் செய்திகளைக் கணிப்பொறியால் ஆராயும் உயிர்த்தகவலியலையும் நாடலாம்.

மேற்கூறிய துறை 1986-இல் நிறுவப்பெற்றது. அதன் ஆதரவு பெறும் மேற்படிப்புகட்கு 2020 முதல் ஜி.ஏ.டி.-பி. என்னும் நுழைவுத்தேர்வு நடைபெறுகின்றது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. பயில ஜாம் தேர்வும், எம்.டெக். பயிலக் கேட் தேர்வும் வாயில்களாம். எக்கல்லூரியிற் சேரினும், முன்னர் மூன்று வினாக்களை விடுத்தல் நலம். மாணவர் தம் கையாற் கருவிகளை இயக்கும் நேரம் எவ்வளவு? இறுதிப் பருவத்தில் தனியாய்வு உண்டா? முன்பு பயின்றோர் இன்று எங்கெங்கே உளர்?

கைப்பழக்கத்தின் பெருமைக்குக் கிரண் மஜும்தார் அம்மையார் சான்றாவார். விலங்கியற் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவில் பீர் வடிக்கும் தொழிலைக் கற்றுத் திரும்பிய அவருக்கு, பெண் என்னும் காரணத்தால் இங்கு அவ்வேலை கிட்டவில்லை. எனினும் நொதித்தல் பற்றிய அறிவு அவரிடம் இருந்தது. 1978-இல் பெங்களூரில் ஒரு கொட்டகையில் பயோகான் நிறுவனத்தைத் தொடங்கி, பப்பாளிப்பாலின் நொதியைப் பிரித்தெடுத்து விற்றார். அந்நிறுவனமே 2004-இல், ஈஸ்ட்டினைக் கொண்டு ஆக்கிய இன்சுலினை நம் நாட்டு நோயாளர்க்கு அளித்தது.

ஆதலின், நண்பர்காள், பட்டத்தின் பெயரை வினவுமுன், உம் கை எவ்வேலையை விரும்பிச் செய்யும் என வினவுமின்; விடை கிடைத்தபின் விண்ணப்பம் எழுதுமின்.