காற்றுக்கு ஒரு கால்வாய்

செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகள் மிகுந்தது. ஏரி நிறைந்திருந்தால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. மதகிலிருந்து வயல்வரை செல்லும் கால்வாயும் செம்மையாக அமைதல் வேண்டும். கால்வாய் திடீரென்று முறிந்து திரும்பினால் நீரின் விரைவு குன்றும். கரையில் ஓர் எலிவளை இருப்பினும் நீர் இடைவழியிலேயே ஒழுகிப்போகும். உழவர் நன்கறிந்த இவ்வுண்மையை மோட்டார் வண்டி ஒன்றினுள் யான் கண்ட வரலாற்றை இங்கே கூறுவேன்.

தனித்தமிழ் வளர்த்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கியது மறைமலை நகர். அந்நகரில் ஃபோர்டு ஆலை 1999 முதல் 2022 வரை கார்களை உருவாக்கியது. 2013இல் அங்கிருந்து வெளிவந்த ஈகோஸ்போர்ட் வண்டிகளுள் ஒருவகை, ஒரு லிட்டர் அளவுள்ள சிறிய எஞ்சினைக் கொண்டிருந்தும் பெரிய எஞ்சினுக்குரிய ஆற்றலைத் தந்தது. அதற்குக் காரணம் டர்போ என்னும் கருவியே.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை, டர்போவிலுள்ள சிறு சக்கரம் ஒன்றைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை ஈர்த்து, அழுத்தி, எஞ்சினுக்குள் செலுத்துகிறது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடேறுவதை நீங்கள் தொட்டறிந்திருப்பீர்கள். அழுத்தப்படும் காற்று வெப்பமடைவது இயற்கை. நம் கோடைக் காற்றின் வெப்பம் 35 டிகிரி எனக் கொள்வோம். அதன் அழுத்தத்தை டர்போ இருமடங்காக்கினால், வெப்பம் 100 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். சூடேறிய காற்று அடர்த்தி குறைந்தது. பெட்ரோல் எஞ்சினில் தட்டொலி எழுப்பி உறுப்புகளைச் சிதைக்கவும் வல்லது. ஆதலின், வண்டியின் முகப்பில் இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பானை அமைப்பர். எதிர்க்காற்று அதன் தகடுகளிடையே புகுந்து, உள்ளே செல்லும் காற்றின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் குழாய்களே காற்றின் கால்வாய்கள்.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் மாமல்லபுரத்தில் பட்டறை வைத்துள்ளார். பழைய கார் ஒன்றுக்கு டர்போவைப் பொருத்தி, குழாய்களையும் தம் கையாலேயே வெட்டி இணைத்தார். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் அதனை ஓட்டிக்காட்ட என்னையும் அழைத்துச் சென்றார். வண்டி விரைந்தது. சிறிது நேரத்தில் பட்டாசு வெடித்தாற்போல் ஓர் ஓசை! வண்டி கரும்புகை கக்கித் தளர்ந்து நின்றது. இணைப்புக் குழல் ஒன்று கழன்றுவிட்டது. பல மாத உழைப்பு வீணாயிற்றே என்று யான் வருந்தினேன்.

"தம்பி, எஞ்சின் பழுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா, பிழை என்னுடையதே. 'வேலை கொடு' என்றால் பணி கொடு என்பது பொருள். 'வேலைக் கொடு' என்றால் வேலாயுதத்தைக் கொடு என்பது பொருள். புணருமிடத்தில் ஓர் ஒற்றுப் பிழைத்தாலும் பொருள் கெடும் என்று கற்பித்தீர்கள். இங்கும் பிழை புணருமிடத்தில்தான்" என்றார்.

மீண்டும் பணியைத் தொடங்கினார். வழவழப்பாக இருந்த குழாய் முனைகளில் சிறு வரம்பு எழுப்பி, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, அதன்மேல் சிலிக்கோன் குழலைச் செருகி, வரம்பிற்கு உட்புறமாகப் பட்டையிட்டு இறுக்கினார். செங்கோணமாக முறிந்த வளைவுகளை நீக்கி, அகன்று வளையும் குழாய்களை வைத்தார். குளிர்ந்த காற்று செல்லும் குழாயைப் புகைக்குழாயின் அனலுக்கு எட்டாமல் விலக்கினார். ஓடும்போது எஞ்சின் அசையும். இன்டர்கூலரோ வண்டிச் சட்டத்தோடு அசையாது நிற்கும். ஆதலின், அவ்விரண்டிற்கும் இடையே நெகிழும் இணைப்பு வைத்தார். சக்கரத்தை இருபுறமும் முழுவதும் திருப்பி, குழாயில் உரசாமையை உறுதி செய்தார். உப்பங்காற்று வீசும் கடற்கரையில் அலுமினியமும் இரும்பும் நேரே தொட்டுக்கொண்டிருப்பின் அலுமினியம் அரிக்கப்படும். அதனால் இரும்புத் தாங்கிக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர்ப் பட்டையை வைத்தார். இறுதியில் குழாய்வழியின் இருமுனைகளையும் அடைத்து, உள்ளே சிறிதளவே காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினார். ஓரிடத்தில் குமிழி எழுந்தது. அதனையும் சரிசெய்த பின்னரே வண்டியைத் தடத்திற்குக் கொண்டு சென்றார். இம்முறை வண்டி தளராமல் ஓடியது.

அதனை அவர் பொதுச்சாலையில் ஓட்டுவதில்லை. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கின்றது. கைத்திறன் உடையார்க்குச் சட்டத்தை மதிக்கும் பண்பும் வேண்டும் அன்றோ?

மாணவர்களே, ஆற்றலைத் திரட்டுவது ஒரு பாதி. அதனைச் சிந்தாமல் சிதறாமல் சேர்ப்பது மறுபாதி. தம் பிழையைத் தாமே கண்டு, அதனை ஒளிக்காமல் உரைத்துத் திருத்திக்கொண்டமையே என் மாணவர் பெற்ற உண்மையான வெற்றி.

பயிற்சி

1. அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்க வேண்டுவது ஏன்?
2. இணைப்புக் குழல் கழன்றதற்குரிய காரணத்தையும், அது திருத்தப்பட்ட முறையையும் விளக்குக.
3. ஏரிக் கால்வாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் உள்ள ஒப்புமைகளை எழுதுக.