மவுஸ் நின்றுவிட்டதா? முதலில் பேட்டரி, அடுத்து டாங்கிள்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் மாடியறையில் உட்கார்ந்தபடி சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு வேலை பார்க்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். மீட்டிங் நடுவே வயர்லெஸ் மவுஸ் நின்றுவிட்டால், சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்துவிடுகிறார்கள். பழையது மேசை டிராயருக்குள் போகிறது. அந்த மவுஸில் பெரும்பாலும் கோளாறே இருக்காது. பேட்டரியிலிருந்து கரண்ட் வரவில்லை, அல்லது சிக்னல் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. எது என்று வரிசையாகப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். அந்த வரிசைதான் முக்கியம்.

முதல் வேலை, மவுஸைத் திருப்பி அடியில் உள்ள ஸ்விட்சைப் பார்ப்பது. ஆன் செய்ததும் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் கரண்ட் இருக்கிறது. சில மாடல்களில் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளிதான் வரும். வெளிச்சம் இல்லை என்பதற்காகப் பேட்டரி தீர்ந்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது பேட்டரி. மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது டபுள் ஏ-யா, ட்ரிபிள் ஏ-யா என்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "பென்சில் செல்" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துத் தருவார்கள். பெட்டிக்கடையில் விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஜிங்க் கார்பன் செல். சுவர்க் கடிகாரத்துக்கு அது போதும், மவுஸுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆல்கலைன் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள்: புது ஆல்கலைன் 1.5 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும், 1.1-க்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். இரண்டு செல் போடும் மவுஸில் ஒன்று பழையது, ஒன்று புதியது என்று கலக்கக் கூடாது. சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல் 1.2 வோல்ட்தான் தரும் என்பதால், முழுதாக சார்ஜ் ஏறியிருந்தாலும் பேட்டரி குறைவு என்று மவுஸ் எச்சரிக்கலாம். அது செல்லின் குறை இல்லை.

புது செல் போட்டும் உயிர் வரவில்லையா? ஸ்பிரிங்கைப் பாருங்கள். மாதக்கணக்கில் போட்டபடி மறந்த ஆல்கலைன் செல் கசிந்து, ஸ்பிரிங்கின் அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் போலப் பூத்திருக்கும். அது காரம், வெறும் விரலால் தொடாதீர்கள். காது குடையும் பட்ஸின் நுனியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் தேய்த்தால் லேசாக நுரைத்துக் கரையும். பிறகு சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பட்ஸால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் புது செல் போடுங்கள். தூக்கிப் போட நினைத்த பல மவுஸ்கள் இந்தச் சின்ன வேலையிலேயே பிழைத்துக்கொள்ளும்.

சார்ஜ் ஏற்றும் மவுஸ் என்றால் சங்கதி வேறு. விலை குறைந்த சில மாடல்களில் டைப்-சி துளை இருக்கும், ஆனால் இரண்டு முனையும் டைப்-சி உள்ள புது கேபிளில் சார்ஜ் ஏறாது. ஒரு முனை பழைய பெரிய யூஎஸ்பியாக உள்ள கேபிளைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஏறிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் பார்த்தால் முந்தின இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள். திருச்சி வெயிலில் ஜன்னலோரம் வைக்க வேண்டாம். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

கரண்ட் சரி, ஆனால் அம்புக்குறி தத்தித் தத்திப் போகிறது என்றால் சிக்னலைத்தான் பார்க்க வேண்டும். யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன டாங்கிளோடு வரும் மவுஸ், ப்ளூடூத் மவுஸ் இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வீட்டு வைஃபையும் அங்கேதான். ஸ்ரீரங்கத்தின் பழைய வீதிகளில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்பதால் இடப்பக்க வைஃபை, வலப்பக்க வைஃபை, எதிர்வீட்டு வைஃபை எல்லாம் நம் அறைக்குள்ளும் வரும். லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினால் உங்கள் வீட்டு நெரிசலாவது குறையும்.

அதைவிடப் பெரிய தொல்லை பலருக்குத் தெரியாது: யூஎஸ்பி 3.0. அதில் ஓடும் தரவே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. யூஎஸ்பி 3.0-க்குரிய நீலநிறத் துளையில் ஹார்ட் டிஸ்க், பக்கத்துத் துளையில் டாங்கிள் என்றால் மவுஸ் தடுமாறத்தான் செய்யும். டாங்கிளை மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் கேபினெட்டின் பின்னால், ஸ்டீல் மேசைக்கு அடியில் செருகியிருந்தால், ஒரு சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மவுஸுக்குப் பக்கத்தில் மேசைமேல் கொண்டுவாருங்கள். இந்த ஒரு கேபிளைத்தான் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன்.

ப்ளூடூத் மவுஸ் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் பழைய இணைப்பை நீக்கிவிட்டு, அடியில் உள்ள பட்டனை விளக்கு வேகமாக மினுக்கும்வரை அழுத்திப் பிடித்து, "ஆட் டிவைஸ்" கொடுங்கள். 1, 2, 3 என்று எண் போட்ட மாடலில், வேறொரு லேப்டாப்புக்குரிய எண்ணில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். இணைக்கும்வரை அம்புக்குறியே நகராத டெஸ்க்டாப்பில், இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி எண்டர் தட்டினால் எண் பலகையாலேயே அதை நகர்த்தலாம். 5 தட்டினால் கிளிக்.

சற்று நேரம் சும்மா விட்டால் மட்டும் மவுஸ் அறுந்துபோகிறதா? டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதி இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

துவாக்குடிக்கும் நவல்பட்டுக்கும் பஸ்ஸில் போய்வருகிறவர்கள் பையில் போடும்முன் ஸ்விட்சை அணைக்க வேண்டும். குலுங்கும்போதெல்லாம் மவுஸ் விழித்துக்கொண்டு பேட்டரியைத் தின்னும். டாங்கிளை லேப்டாப்பிலேயே விட்டால் இடிபட்டு வளையும். பேட்டரி மூடிக்குள் அதற்கென்று இடம் இருந்தால் அங்கே வையுங்கள். தொலைந்தால் விலை குறைந்த மவுஸ்களுக்கு மாற்று டாங்கிள் கிடைப்பது அரிது. லாஜிடெக்கின் ஆரஞ்சுச் சின்னம் போட்ட யூனிஃபையிங் வகைக்குத் தனியாக வாங்கி இணைக்க முடியும். ஒரே டாங்கிளில் ஆறு கருவிகள் வரை சேரும்.

தீர்ந்த செல்லைக் குப்பையோடு எரிக்காமல், மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் மவுஸ் அசையவில்லை என்றால் புதிது வாங்கலாம். மெயின்கார்டு கேட் பக்கம் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துப் போய்க் கடையிலேயே செருகிப் பாருங்கள். டாங்கிள், ப்ளூடூத் இரண்டும் உள்ள மாடலாகக் கேளுங்கள். ஒன்று போனாலும் மற்றதில் வேலை நடக்கும்.